சமையற்கட்டு நிலையின் அகலம்

சமையற்கட்டு வாசல் நிலையை அளந்து பதினோரு மணிக்குள் சொல்ல வேண்டும், வேலை அவ்வளவுதான். மூடின மெஸ்ஸிலிருந்து போனில் சென்னியப்பன் அப்படித்தான் சொன்னார். "நெலைக்கு உள்பக்கம் எத்தன இஞ்சுன்னு பாத்துச் சொல்லு மயிலா. ஃபிரிட்ஜு கதவு நாலையும் கழட்டிட்டா இருபத்தெட்டு இஞ்சு. நெலை அதுக்கு மேல இருந்தா குட்டியானை வண்டியில ஏத்தி வூட்டுக்குக் கொண்டாந்தர்றேன். இல்லீன்னா காயலாங்கடைக்காரனுக்குத் தள்ளி உட்டர்றேன். ரெண்டு வண்டியும் வாசல்ல நிக்குது." என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் மயிலாத்தாள் அவரிடம் கேட்க நினைத்ததை எல்லாம் அவர் நகர்ந்த பிறகுதான் கேட்டிருக்கிறாள். தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து, நிலையின் இந்தக் கட்டையிலிருந்து அந்தக் கட்டை வரை இழுத்துப் பிடித்தாள். இருபத்தெட்டரை. பத்தாது பத்தாது என்று நினைத்துக்கொண்டே பிடித்ததில் டேப்பு கோணியிருக்குமோ என்று மறுபடியும் பிடித்தாள். இருபத்தெட்டரை. மணி பத்து இருபது. ஒரு நிமிஷ வேலை, முடிந்துபோயிற்று. போனை எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை, அரிசி டப்பா மேல் வைத்தாள். பதினொன்றுக்குள் என்றுதானே சொன்னார், இப்பவே என்ன அவசரம்.

அரை இஞ்சு என்றால் எவ்வளவு என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சின்ன வெங்காயம் நுழையும். அந்த வெங்காயத்தளவு இடம் மிச்சம் இருப்பதால் ஆறரை அடி உயர இரும்பு வீட்டுக்குள் வந்துவிடும், பக்கத்துக்குக் கால் இஞ்சு, தூக்குகிற ஆட்கள் கொஞ்சம் பதனமாகத் தூக்கினால் பெயிண்டுகூட உரியாது. வீடு கட்டும்போது மேஸ்திரி முப்பது வைக்கட்டுங்களா இருபத்தேழு வைக்கட்டுங்களா என்று கேட்டார். இவர், ரெண்டுக்கும் நடுவால வைங்க என்று சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டார். நடுவால வைத்ததுதான் இன்றைக்கு இப்படி நிற்கிறது. இருபத்தேழு வைத்திருந்தால் இந்நேரம் அவள் துணி துவைக்கப் போயிருப்பாள். குனிந்து அடிப்பக்கம் அளந்தாள், முட்டி நறுக்கென்றது. அங்கே ஒரு நூல், அரைக்கால் இஞ்சு, குறைச்சல். ஒரு நூல் குறைந்து என்ன ஆகப்போகிறது, அப்போதும் இருபத்தெட்டுக்கு மேல்தான். அந்த ஃபிரிட்ஜை அவளுக்கு அளந்து பார்க்கத் தேவையில்லை, கண்ணை மூடினாலே முன்னால் வந்து நிற்கும். நாலு கதவு, எட்டுத் தட்டு, வெள்ளி நிறத்தில் தகடு, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கதவுக்கு ஒன்றாக அவர் வைத்த சந்தனப் பொட்டின் கறை நாலு. பீளமேட்டில் சென்னியாண்டவர் மெஸ் என்று இருபத்திரண்டு வருஷம் நடந்தது. கல்லாவில் அவர், அடுப்பில் இவள். கட்டடத்துக்காரர் இடித்துக் கட்டுகிறேன் என்று சொல்லவும் பத்து நாளைக்கு முன்னால் இழுத்து மூடினார்கள். பெஞ்சு, அண்டா, கிரைண்டர் எல்லாம் ஒவ்வொருவராக வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபிரிட்ஜைத்தான் யாரும் கேட்கவில்லை. அது விலை போகவில்லையா, அவர்தான் கொடுக்கவில்லையா, அதுவும் அவளுக்குத் தெரியாது.

வைக்கிற இடமாவது இல்லாமல் போகுமா என்று சமையற்கட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்பதுக்கு எட்டு. மேடை ஒரு பக்கம், பாத்திரம் கழுவுகிற தொட்டி ஒரு பக்கம், மிச்சமிருப்பது ஜன்னல் சுவர். ஜன்னலை மறைத்துக்கொண்டுதான் நிற்கும். ஜன்னலில் என்ன பெரிய காட்சி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் வந்து உட்காருகிற ரெண்டு மைனாவும். ஆனாலும் இந்தப் பத்து நாளாய்க் காலைக் காபியை அங்கே நின்றுதான் குடிக்கிறாள், சூடாகக் குடிக்கிறாள். இருபத்திரண்டு வருஷமும் ஆறின காபிதான், போட்டு வைப்பாள், நாலு பேர் வந்துவிடுவார்கள், ஆடை கட்டிப்போயிருக்கும். அது வந்து நின்றால் அடுப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். பின்னாடி அனல் அடிக்கும், மெஸ்ஸில் மழைக்காலத்தில் அந்த அனலில்தான் கரித்துணி காயப்போடுவாள். ஒயரிங் தாங்குமா. ஈ.பி.க்காரர் வந்து, வீட்டுக்குள்ள எதுக்கம்மா கடைச் சாமானம் என்று கேட்டால் என்ன சொல்வது. நாங்க ரெண்டு பேருதானுங்க, கொஞ்சம் நெறையத் திம்போமுங்க என்றா சொல்வது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிப்பது வீட்டுக்கு வந்த பிறகு வந்த பழக்கம். ரெண்டு பேருக்கு உள்ளே வைக்க என்ன இருக்கிறது, அரை லிட்டர் பால், நாலு பச்சை மிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி, ஒரு கிண்ணம் தயிர். எட்டில் ஒரு தட்டில், அதிலும் ஒரு மூலையில் அத்தனையும் அடங்கிவிடும். மிச்ச ஏழு தட்டும் சும்மா இருக்குமா. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்று சும்மாவா சொன்னார்கள். காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியாது. அவரை விடு, தன்னால் இருக்க முடியுமா.

மறுபடியும் மெஸ் நடத்தலாம் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை தட்டில் ரசத்தை ஊற்றும்போது, "பழைய பசங்க நாலு பேரு ரோட்டுல பாத்தானுக. ஆன்ட்டி கைச்சோறு இல்லாம எளச்சுப்போயிட்டோம்ங்கறானுக" என்றார். இவள் அப்பளத்தை எடுத்து வைத்தாள். "கேரியர்ல கட்டிக் குடுத்தாக்கூடப் போதுமாமா" என்றார். இவள் "ம்" என்றாள். அந்த 'ம்'மை என்னத்துக்குச் சொன்னோம் என்று ஒரு வாரமாய் மண்டையைக் குடைகிறது. வாயிலிருந்து தானாக வருகிற சத்தம் அது, ஏப்பம் மாதிரி, அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துத்தான், "வூட்டுக்கும் ஒரு ஃபிரிட்ஜு வேணுமில்ல, அது இருக்கறப்ப எதுக்கு இன்னொண்ணு" என்று ஆரம்பித்தார். நாலு பேர். நாலு பேரென்றால் நாலு பேர்தான் என்று யாராவது அவளிடம் சொல்லட்டும் பார்க்கலாம். வேலை பார்த்த மில்லை மூடி இவர் வீட்டில் உட்கார்ந்த வருஷம், கூட வேலை பார்த்தவரின் மகனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும், அக்கா எங்களுக்கும் சேர்த்து ஒலை வையுங்க என்று வந்தார்கள். அதுவும் நாலுதான். நாலு எட்டாகி, எட்டு இருபதாகி, இருபது நாற்பதாகி நின்றபோது மகள் சுகந்திக்கு ஏழு வயது, அவள் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போகும்போது இவளுக்கு வலது மணிக்கட்டு மடங்காது. மூன்றரை மணிக்கு எழுந்தது எழுந்ததுதான். இப்போதும் மூன்றரைக்கு விழிப்பு வருகிறது, ஆனால் எழ வேண்டாம் என்று ஞாபகம் வந்ததும் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்கிறாள். அந்த நிமிஷம் அவளுக்கு வேண்டும், செத்துப்போகிறவரைக்கும் வேண்டும். அதற்கு முன்னால் ஃபிரிட்ஜெல்லாம் எம்மாத்திரம்.

அப்படி ஒரேயடியாகவும் சொல்லிவிட முடியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்து போனதும், அவர் கல்லாவிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டதும், மயிலாத்தாள் போய் அந்த ஃபிரிட்ஜின் கீழ்க்கதவைத் திறந்து முன்னால் பலகையைப் போட்டு உட்காருவாள். சித்திரை மாதத்தில் அடுப்படி எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் குளிர் முதலில் முழங்காலுக்கு வரும், பிறகு வயிற்றுக்கு, பிறகு கழுத்துக்கு. ஊரில் யாரும் அவளை மயிலா என்றோ ஆன்ட்டி என்றோ சாம்பார் என்றோ கூப்பிடாத ஐந்து நிமிஷம். இடது கீழ்க்கதவு அவளுடையது, அதில் அவளுக்கென்று ஒரு கிண்ணம் தயிர், சில நாள் ஒரு முழம் மல்லிகை, எவரோ கொடுத்த பேடா. அவருக்கும் தெரியாது, வேலைக்கு வருகிற பெண்களுக்கும் தெரியாது. நாற்பது பேருக்குச் சமைக்கிற இடத்தில் தனக்கு மறைத்து வைக்க ஒரு மூலை கிடைப்பது சாமானியமா. அது ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளே பாரம் அதிகமா குறைவா என்று சொல்லுவாள். ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போய், உள்ளே வைத்திருந்த நாற்பது லிட்டர் மாவும் பொங்கிப் புளித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று நாலு கதவிலும் வழிகிறது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு மட்டும் என்னவோ, பாவம் எத்தனை நேரம்தான் அதுவும் அடக்கிக்கொண்டு நிற்கும் என்று தோன்றியது. அன்றைக்கு அதைத் துடைத்தபோது ஒரு மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி துடைத்தாள். அதைக் காயலாங்கடைக்காரன் சம்மட்டியால் அடித்துத் தகட்டை உரிப்பான், உள்ளே இருக்கிற செம்புக் குழாயை இழுத்து எடுப்பான். இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைக்கக் கூடாது என்று நினைத்ததையும் சேர்த்து நினைத்தாள். மணி பத்து நாற்பது.

உலை வைக்கலாமா என்று அரிசி டப்பாவைத் திறந்தாள், ஆழாக்கை உள்ளே விட்டவள் நிறுத்திக்கொண்டாள். இந்த ரெண்டு பேர் சமையல் இருக்கிறதே, அது அவளுக்கு வரவில்லை. ஊர் சிரிக்கும், வெளியில் சொல்ல முடியாது. முதல் நாள் வைத்த சாம்பாரில் உப்பைப் போட்டது கைதான், அவள் இல்லை. நாற்பது பேருக்குப் போடுகிற கை, குழிந்து அள்ளிப் போட்டுவிட்டது, போட்ட பிறகுதான் சட்டி சின்னது என்று கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றினாள், பருப்பு வேகவைத்துச் சேர்த்தாள், சட்டி மாற்றினாள், கடைசியில் பத்துப் பேர் சாம்பார் ஆகி, தெருவில் நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். புதுசா வந்திருக்கறவங்க நல்ல மனசு என்று தெருவில் பேர் கிடைத்தது. புதுசாவாம், வீடு கட்டி ஆறு வருஷமாகிறது, படுக்க மட்டும் வந்து போனால் யாருக்குத் தெரியும். அடுத்த நாள் பயந்து பயந்து போட்டதில் உப்பே இல்லை. அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார், ஊறுகாயை மட்டும் மூன்று தரம் தொட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சுகந்தி போனில் பேசும்போது மயிலாத்தாள் இதைச் சொன்னாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சுகந்தி சிரிக்கவில்லை. "ஏம்மா, நான் உங்கூட இருந்த வரைக்கும் எனக்குன்னு நீ ஒருவேளை சமைச்சிருக்கியா? பசங்க தின்னு மிஞ்சினதத்தான் தின்னுருக்கேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "இந்த மாசக் கடைசில நாலு நாள் வர்றேன், அரிசிம்பருப்பு செஞ்சு போடு, எனக்கு மட்டும்" என்றாள். எனக்கு மட்டும். ஒரு ஆளுக்கு அரிசிம்பருப்புச் சோறு எப்படி வைப்பது என்று அன்றிலிருந்து மயிலாத்தாள் மனசுக்குள் அளந்துகொண்டே இருக்கிறாள். அரை ஆழாக்கு அரிசி, அதில் கால்வாசி பருப்பு, ஒரு தக்காளி, பூண்டு நாலு பல், உப்பு, உப்புதான் சிக்கல். கேரியர் கட்ட ஆரம்பித்துவிட்டால் அந்த நாலு நாளும் சுகந்தி மறுபடி மிஞ்சினதைத்தான் தின்பாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அவளும் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வாள்.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே. சொல்லலாம். அந்த வார்த்தையை எப்படி எடுப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் இல்லை என்று சொல்லக் கூடாது, சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று எல்லா வீட்டிலும் சொல்லுவார்கள். அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பார்கள், வாங்கி வருகிறவர் புரிந்துகொண்டு வாங்கி வருவார். சென்னியப்பன் அதை மெஸ்ஸுக்குச் சட்டமாகவே வைத்துவிட்டார். இலையில் உட்கார்ந்தவனிடம் இல்லை, வேண்டாம், முடியாது என்கிற மூன்றும் கூடாது. ரசம் தீர்ந்துபோனால் இதோ வருதுங்க என்பார், சுடுதண்ணீரும் ஒரு கரண்டி புளியும் மிளகும் சேர்ந்து மூன்று நிமிஷத்தில் ரசம் வந்துவிடும். தேனிக்காரப் பையன் ஒருவன் ஒரே சாப்பாட்டில் ஐந்து தடவை ரசம் கேட்டான், ஐந்தாவது தடவை வந்தது வெறும் மஞ்சள் வெந்நீர், அதையும் அமிர்தம் ஆன்ட்டி என்று குடித்தான். மணிக்கட்டு வீங்கின அன்றைக்கு டாக்டர், ரெண்டு வாரம் கரண்டி பிடிக்காதீங்க என்றார், சரிங்க என்றாள். வெளியே வந்ததும் அவர், சாயங்காலம் சப்பாத்தி போட முடியுமா என்றார், அதற்கும் சரிங்க என்றாள். அவர் கொடுமைக்காரர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாவைப் பிசைந்தது அவர்தான், திரட்டியது அவர்தான், இவள் கல்லில் போட்டு எடுத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சப்பாத்தியே வேண்டாம் என்றிருப்பாரோ என்னவோ. இவள் சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை, வண்டி ஓடிவிட்டது. இல்லை என்று சொல்லாமலே இருபத்திரண்டு வருஷம் இருந்தால் அந்த வார்த்தை துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிடுகிறது, கையை வைத்தால் அசைகிறதா என்றே தெரியவில்லை. ஆனால் எண் சொல்வது சுலபம். இருபத்தேழரை. எண்ணுக்குக் கோபமும் இல்லை வருத்தமும் இல்லை. நான் வேண்டாம்னு சொல்லலீங்க, நெலை பத்தலீங்க. அட, இது நல்லா இருக்கிறதே. மேஸ்திரி மேல் போட்டுவிடலாம். மேஸ்திரி இப்போது திருச்சியிலோ எங்கேயோ இருக்கிறார், வந்தா கேட்கப்போகிறார்.

இருபத்தேழரையா, இருபத்தேழா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். இருபத்தேழரை என்றால், அரை இஞ்சுதானே, நிலையைக் கொஞ்சம் செதுக்கிக்கலாம் என்று ஆசாரியைக் கூட்டிவந்துவிடுவார். இருபத்தேழு என்றால் முடிந்தது கதை. ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள், சமையற்கட்டில் அது யாரோ சொன்ன மாதிரி கேட்டது. கல்யாணமானதிலிருந்து அவரிடம் பொய்யே சொன்னதில்லையா என்றால், சொல்லியிருக்கிறாள். கால் வலிக்கலீங்க, தூக்கம் வந்துருச்சுங்க, நான் சாப்பிட்டாச்சுங்க, எல்லாம் பொய்தான். ஆனால் அவை எல்லாம் அவர் பக்கத்துப் பொய். தன் பக்கத்துக்கு ஒரு பொய் சொல்வது இதுதான் முதல் தடவை. பத்து ஐம்பத்திரண்டுக்குப் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருப்பார் போல. "அளந்துட்டனுங்க" என்றாள். "எத்தன?" "இருபத்தேழுங்க." அந்தப் பக்கம் லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, அது போய் முடிகிற வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு, "சரி" என்றார். வைத்துவிட்டார்.

அவ்வளவுதானா. இன்னொரு தரம் நல்லாப் பாரு என்பார், கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தியா என்பார், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். பதில்கள் அப்படியே நின்றன. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நின்று பார்த்தாள், சந்தோஷமும் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. போகட்டும், எது எப்படியோ, நாளைக்கு மூன்றரைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே நிலையில் சாய்ந்தாள். சாய்ந்தபடி தலையைத் தூக்கியபோது, எதிர்க்கட்டையின் உள்பக்கம், அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, பென்சிலால் ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. தைக்குத்தான் பெயிண்டு அடித்தார்கள், ஆகவே அதற்குப் பிறகு எழுதினதுதான். கிட்டே போய் எம்பிப் பார்த்தாள். 28½. எட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தனித்தனி வட்டமாகப் போடுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். எண்ணுக்குக் கீழே ஒரு கோடு வேறு, பில்லில் கூட்டிப் போட்டுவிட்டு இழுப்பாரே, அந்தக் கோடு. நேற்றுச் சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இருக்கும்போது போட்டிருக்க வேண்டும். இறங்கி வரும்போது அவர் இந்த நிலைக்குள் நின்றுகொண்டு, தண்ணி குடு என்றார், கொடுத்தாள், குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அவளை ஏதோ கேட்கப்போகிற மாதிரி பார்த்தார், பிறகு சொம்பை மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது இதற்கெல்லாம் ஒரு அர்த்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அளவு அவருக்குத் தெரியும். நேற்றிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு இரண்டு வண்டியையும் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு அவளிடம் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் அவர் கேட்டது அளவை இல்லை. மயிலாத்தாள் டேப்பைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உனக்கு வேணுமா வேண்டாமா என்று அந்த மனுஷனுக்கும் கேட்கத் தெரியவில்லை, கேட்டுப் பழக்கம் இருந்தால்தானே, அதனால் இஞ்சுக் கணக்கில் கேட்டிருக்கிறார். கல்யாணமாகி முதல் தடவையாக அவளைக் கேட்டிருக்கிறார். அவள் அதற்குப் பொய் சொல்லியிருக்கிறாள். பொய் என்று தெரிந்துதான் சரி என்றார், ஆரன் சத்தம் முடிகிறவரை நின்று, சரி என்றார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது, கேட்பது என்றால் நேராகக் கேட்டால் என்னவாம், வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது. நேராகக் கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். உங்க இஷ்டம்ங்க என்றுதான் சொல்லியிருப்பாள். அது நிச்சயம். அவருக்கும் அது நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பொய் சொல்ல ஒரு வழி விட்டு வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். இதை நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள். பொய்யை அவர் வாங்கிக்கொண்டார், வேலையும் முடிந்துவிட்டது, இப்படியே விட்டுவிடலாம். சாயங்காலம் வருவார், நிலையைப் பற்றி அவரும் பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள், ஒரு ஈரத்துணியால் பென்சிலைத் துடைத்துவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். துணியைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்த துணியைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

"ஏனுங்க."

"சொல்லு."

"வண்டி கெளம்பிருச்சுங்களா?"

"ரெண்டும் நிக்குது."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "நெலை இருபத்தெட்டரை இருக்குதுங்க. நல்லாவே வரும். ஆனா எனக்கு வேண்டாங்க. ஃபிரிட்ஜும் வேண்டாம், கேரியரும் வேண்டாம். என்னால இனி முடியாதுங்க." மெஸ்ஸில் கூடாத மூன்று வார்த்தையில் இரண்டைச் சொல்லியாகிவிட்டது.

யாரோ ஒருவர், எதுல ஏத்தறதுங்க, நேரமாகுது என்று கேட்பது அந்தப் பக்கம் தூரத்தில் கேட்டது.

"அதத்தானே புள்ள நேத்துல இருந்து கேட்டுட்டு இருக்கறேன்" என்றார் சென்னியப்பன்.

இந்தத் தடவை அவர் போனை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே அந்த ஆட்களிடம், காயலாங்கடை வண்டியில ஏத்துங்க, பாத்து, பதனமா என்று சொன்னார். சிமெண்டுத் தரையில் இரும்பை இழுக்கிற சத்தம் வந்தது. மயிலாத்தாள் அது முடிகிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவரும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.